வாபெனின் பிள்ளைகளைத் தேடித் தோண்டிய நான்கு நாள்

அன்பு மகள் நகானேவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அண்ணன் துகாயும் உயிரோடு, கைகால் முழுசாக இருக்கிறோம். கடல் தாண்டி அந்தக் குயின்ஸ்லாந்துப் பழப் பண்ணையில் நீயும் நன்றாக இருக்க வேண்டும். மலை சரிந்ததைக் கேட்டுப் பயந்திருப்பாய். தொலைபேசிக் கோபுரமும் சாய்ந்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

குலச் சண்டையில் நம் வீடு எரிந்தபின் மாமாவின் நிலத்தில் இரண்டு வருடம் இருந்தோமே, அந்த நிலம் இப்போது இல்லை. மலை சரிந்த காலையில் நாங்கள் எதிர்ச் சரிவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தோம், அதனால் பிழைத்தோம். மாமாவும் பிழைத்தார், பன்றிகள் எல்லாம் போய்விட்டன. பள்ளிக்கூடத் திடலில் கூடாரம், அரிசி, டின் மீன் கொடுத்திருக்கிறார்கள். தலைநகர் மோர்ஸ்பியிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு யார் எந்தக் குலம் என்று தெரியாது. பக்கத்துக் கூடாரத்தை எதிர்க்குலத்து வாபெனுக்கும் அவன் மனைவி லியாகிக்கும் கொடுத்துவிட்டார்கள். நம் கூரையில் தீ வைத்த அதே வாபென். அவர்கள் ஊரையும் அதே மண்தான் மூடியது. அப்பா கூடாரக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார், அண்ணன் கோடரியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். வேறு எங்கே போவது என்று கேட்டேன், அப்பா கயிற்றை மறுபடி கட்டினார்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியருகே லியாகி என் வாளியைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, ஒங்க வீட்டக் கொளுத்துனது எம்புருசன்தான். இல்லைன்னு சொல்லல. எம்புள்ளைங்க ரெண்டும் மண்ணுக்குள்ள கெடக்குது. அவரு ஒத்த ஆளா தோண்டுறாரு” என்றாள். அழவில்லை. வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கேட்டார். நம் வீடு எரிந்தபோது வாபெனுக்கு இரக்கம் எங்கே போயிருந்தது என்று அண்ணன் கத்தினான். “வீடுதானடா எரிஞ்சுது. நீ இங்கதான நிக்கிற” என்றார் அப்பா. அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து அண்ணனும் போனான்.

வாபெனோடு சேர்ந்து மூன்று பேரும் நான்கு நாள் தோண்டினார்கள். மூத்த பெண்ணின் உடல் கிடைத்தது. சின்னவன் கிடைக்கவில்லை. மலை இன்னும் நகர்கிறது, இனித் தோண்டக் கூடாது என்று அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வாபென் நம் கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றான். “மேல ஒங்க பழைய வீட்டு மேடு கெட்டியாத்தான் இருக்கு. நீங்க திரும்பிப் போனா எங்க ஆளுங்க யாரும் மறிக்க மாட்டாங்க. நான் பேசிட்டேன்” என்றான். மறுநாள் அப்பா அண்ணனோடு மேலே போய், வீடு இருந்த இடத்தில் புல்லைச் செதுக்கிக் கிழங்குக் கொடி நட்டுவிட்டு வந்தார். கிழங்கு வர ஆறு மாதம். அதுவரை யாரும் அதைப் பிடுங்கிப் போடாவிட்டால் வீடு கட்டலாம் என்கிறார்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், வேலையும் உடம்பும் குறைவில்லாமல் இருக்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் பழம் பறிக்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே வேலை செய்யும் நம் குலத்துப் பையன்கள் மறுபடி சண்டைக்குத் துப்பாக்கி வாங்கப் பணம் திரட்டுகிறார்களாம். உன்னிடமும் வருவார்கள். கொடுக்காதே. என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம், என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடு.

உன் அம்மா,
பியாசோ