பதினேழாம் பொட்டலம்

20-1-59 செவ்வாய்
பனி. விறகு ஈரம். அடுப்பு பற்றவே அரைமணி.

குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே, காட்டோரச் சாவடியில் ஜாகை. நாலு நாள் சமையல் வேலை எனக்கு. காலேஜ் ஆட்கள் இரண்டே பேர்: அருளப்பன் ஐயா, அவரிடம் படிக்கும் சொக்கலிங்கம், திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. வந்த காரியம்: பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிய பாசியைச் சுரண்டி, பேப்பரில் மடித்து, நம்பர் போடுவது.

"கல்யாணச் சமையலுக்கு நான் கடையில கெஞ்சி வாங்குற கல்பாசிய நீங்க ஓசியில சொரண்டுறீங்களே ஐயா!"

"அதுவும் இந்த இனந்தான் ராமையா. ஆனா எல்லாத்தையும் வாயில வச்சிர முடியாது. சிலது விஷம்."

"குடுங்க, மச்சினன் வீட்டு விருந்துக்கு ஆகும்."

சொக்கலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான்.

பொட்டலங்களை அடுப்போரம் காய வைக்கச் சொன்னார். வைத்தேன்.

21 புதன்
நல்ல வெயில். காலில் முள். நாட்டுக்கோழிக் குழம்பு.

சொக்கலிங்கம் மூன்று தடவை கேட்டு வாங்கினான். "கல்பாசி தூக்கலா இருக்குண்ணே. எங்க வீட்டுல ஆக்குறவுகளுக்குக்கூட இந்த வாசம் வராது."

"அப்ப என்னையக் கட்டிக்கிறியா தம்பி?"

சட்டி கழுவும்போது மசாலா டப்பாவைத் திறந்தேன். என் கல்பாசிப் பொட்டலம், கட்டின நூல் அவிழாமல், அப்படியே. அடுப்படியில் ஒரு பேப்பர்த் துண்டு. ஐயா கையெழுத்து. 17.

சட்டியில் ஒரு கரண்டிக் குழம்பு மிச்சம். கொட்டப்போனேன். பிறகு நானே வழித்துத் தின்றேன். ஆக்கினது நான்தானே.

ஐயாவிடம் மெல்ல: "பதினேழு வெசமா ஐயா?"

"காலேஜுல மருந்து விட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஏன்?"

"சும்மா."

பொழுது சாய, சொக்கலிங்கத்துக்கு வயிற்றுவலி.

22 வியாழன்
விடியுமுன் சொக்கலிங்கத்துக்கு நாலு தடவை வயிற்றால் போய்விட்டது. வாந்தி. உதடு வெளுத்துவிட்டது.

ஐயா கேட்கிறார், "என்னங்க ராமையா, இன்னைக்கி ஒரு கேலியுங் காணோம்?"

முதல் பஸ்ஸில் ஐயா அவனைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். நான் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? சொன்னால் எந்தக் கல்யாண வீட்டிலும் கரண்டியைத் தொட விடமாட்டார்கள். பையனைப் பஸ்ஸில் ஏற்றும்போது சொல்லிவிட்டேன். பேப்பர்த் துண்டையும் கொடுத்தேன்.

ஐயா திட்டவில்லை. "நானும் சாப்பிட்டேனே ராமையா" என்றார். அவ்வளவுதான்.

பஸ் சன்னலுக்குள்ளிருந்து சொக்கலிங்கம்: "அப்ப அது கல்பாசி இல்லையாண்ணே?"

பத்து மணி. அடுப்பு பற்றவைக்கவில்லை. பொட்டலங்களை எண்ணினேன். 16, 18. மறுபடி எண்ணினேன்.

மதியம். நாக்கு வறண்டுவிட்டது. விஷமா, பயமா? முருகா, எனக்கு எதுவானாலும் சரி. அந்தப் பிள்ளை ஆத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

நாலு மணி. பஸ் ஆரன். போனது இரண்டு பேர். இங்கிருந்தே பார்க்கிறேன். ஒரே தூசி. ஐயா மட்டும் இறங்குகிறார். பஸ் கிளம்பவில்லை. ஐயா பஸ் படிப் பக்கம் திரும்பி, யாரையோ இறக்கிவிடக் கை நீட்டுகிறார்.