இரண்டுமே இடது பக்கம்

ஒர்க் ஷாப்
திங்கட்கிழமை காலை

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன கேடு. இங்கே நன்றாக இல்லாதது உன் தங்கச்சி. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன். "வலது பக்கம்" என்று நான் வாயெடுத்ததும் மூன்று தடவையும் உனக்கு சிக்னல் போய்விட்டது. அது என்ன டவர்டா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மோப்பம் பிடித்து அறுக்கிறது? உங்கள் சைட்டுக்கு இரும்புக் கம்பி ஏற்றி வருகிற லாரி டிரைவர் நாளைக்குக் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை உன் கையில் கொடுத்து, நீ பிரிக்கிறாயா என்று நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததைச் சின்னவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் எதையும் பாதிதான் சொல்வாள், அதனால் முழுசாக எழுதுகிறேன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், காலை ஏழு மணி. துவைத்த விரிப்பையும் தலையணை உறையையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். வாசலில் வண்டியைத் திருப்பும்போது முன்பக்க வலது சக்கரம் பிய்த்துக்கொண்டு வெளியே மடங்கிவிட்டது. வண்டி மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் மதில் சுவரில் மோதி நின்றது. நடை வேகம்தான். அதே சக்கரம் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பாலத்து இறக்கத்தில் மடங்கியிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. உதட்டில் நான்கு தையல். விரிப்பு மொத்தமும் சாக்கடையில் கிடந்தது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து வாயில் துணியை அழுத்திக்கொண்டிருந்தாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பள்ளத்தில் வண்டியைக் கொஞ்சம் வேகமாக இறக்கிவிட்டாளாம். "என்னாலதான்க்கா. நான்தான் வண்டியைக் கெடுத்துட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். எதிரே பேப்பர் கடை வைத்திருக்கிற பெரிய மேதை, பெண்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அவரை நான் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. இப்போது என்னைக் கண்டால் ஷட்டரை இறக்குகிறார்.

அன்றைக்கு ஒதுங்கியவள்தான், வண்டிப் பக்கமே வருவதில்லை. பக்கத்து சீட்டில் சும்மா உட்கார் என்று கூப்பிட்டால்கூட வேலை இருக்கிறது என்று நழுவிவிடுகிறாள். மூன்று தடவை டெஸ்டில் தோற்று, "நாலாவது தடவையும் போவேன், அந்த ஆபீசர் முகம் எனக்குப் பழகிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே போய் லைசென்ஸ் வாங்கியவள் அவள். இன்றைக்குக் கட்டுப்போட்ட கையோடு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக நடக்கிறாள். அவள் துவைத்துக் கொடுக்கிற ஐந்து லாட்ஜில் இரண்டு லாட்ஜ்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டுவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, விரிப்பு பத்து மணிக்குள் வந்தாக வேண்டும்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுச் சரிசெய்திருப்பேன். அவரோ கண் கலங்கி, "உயிர் பொழச்சதே பெரிசு. இனிமே அந்தச் சனியன் நம்ம வாசல்ல நிக்க வேண்டாம்" என்கிறார். வண்டியை விற்க ஆள் பேசியாகிவிட்டது. சனிக்கிழமை காலை வந்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சின்னவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். வண்டி போனால் அவள் தொழிலும் அதோடு போச்சு. இன்னொரு வண்டி வாங்குவாள் என்று நினைக்காதே. இனி எந்த வண்டியையும் தொட மாட்டாள்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன்.

வண்டியை இழுத்து வந்து ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். முதலில் இடது பக்கம் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் புதுசு, அதன் முனையில் பால் ஜாயிண்ட் புதுசு, ரப்பர் புஷ் புதுசு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. வலது பக்கம் வந்தேன். அதுவும் கறுப்பாகப் பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் பால் ஜாயிண்ட் உட்காருகிற இடத்தில் ஆர்ம் கிழிந்து தொங்கியது. எட்டு மாசத்துக்கு முன்னால், நீ அந்த சைட்டு வேலைக்குக் கிளம்பும்போது மாட்டின இரும்பு இப்படிக் கிழியாதே என்று ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டது. சுரண்டிப் பார்த்தால் மேலே கறுப்பு பெயிண்ட், அதற்கடியில் பட்டி, அதற்கும் அடியில் வெறும் துரு. பட்டிடா! கதவில் நசுங்கின இடத்துக்குப் பூசுகிற பட்டி! எஞ்சின் பாரத்தைத் தாங்குகிற இரும்பில் துரு அரித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்டும் அடித்திருக்கிறாய். கை கூசவில்லையா உனக்கு? உன் மண்டைக்குள் இருப்பதும் அதே பட்டிதானா?

வேறு யாரோ செய்த வேலையாக இருக்கும் என்று நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் நட்டின் மேல் மஞ்சள் கோடு இருந்தது.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ முடித்த வேலையை உனக்குத் தெரியாமல் நான் ஸ்பானர் போட்டுச் சரிபார்த்ததை ஒருநாள் பார்த்துவிட்டு, என்னை நம்பவில்லையா என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு. முறுக்கி முடித்தவர் நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் கோடு போட வேண்டும். கோடு போட்டாகிவிட்டால் மற்றவர் தொட்டும் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. உலகத்தில் எந்த ஷாப்பிலும் முறுக்கின நட்டு நகர்ந்தால் தெரிவதற்காகத்தான் கோடு போடுவார்கள். நாம் மட்டும்தான் அக்காவும் தம்பியும் சண்டை போடாமல் இருப்பதற்காகப் போட்டோம். நீ போன பிறகு இரண்டு தடவை ஆயில் மாற்ற அதே வண்டிக்கு அடியில் படுத்தேன். இரண்டு தடவையும் கோட்டைப் பார்த்தேன், எழுந்து வந்துவிட்டேன். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.

பிறகு ஷாப்பைத் தலைகீழாகப் புரட்டினேன். மேல் அலமாரியில், பழைய ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு பெட்டி. உள்ளே புத்தம் புது லோயர் ஆர்ம். பெட்டி மேல் உன் கோணல் கையெழுத்தில், "இதுவும் இடது. திருப்பிக் கொடுக்கணும்." அப்போதுதான் விஷயம் விளங்கியது. கடைக்காரன் இரண்டு பெட்டியிலும் இடது பக்கத்து ஆர்மையே கட்டிக் கொடுத்திருக்கிறான். நீ ஒரு பக்கம் மாட்டிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய். மறுநாள் விடிந்தால் உனக்கு பஸ். வலது ஆர்ம் வர நாலு நாள் ஆகும்.

சரி, தப்பு கடைக்காரனுடையது. வாயைத் திறந்து "அக்கா, வலது பக்கம் மாத்தலை" என்று சொல்லியிருந்தால் உன் முத்து உதிர்ந்துவிடுமா? நாலு நாள் வண்டியை நிறுத்தியிருப்போம். நானே மாட்டியிருப்பேன். நான்கு சொல் சொல்ல முடியாதவனுக்குப் பட்டி காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. அன்றைக்குச் சாயங்காலம் உன்னை வழியனுப்ப எல்லாரும் வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று மூன்று தடவை வாசலில் நின்று கத்தியது நான்தான். "இன்னும் என்னடா உருட்டிக்கிட்டிருக்கே, முடிச்சிட்டு வா" என்றேன். நீ வண்டிக்கு அடியிலிருந்தே "முடிஞ்சது" என்றாய். குனிந்து உன் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

வண்டியை இப்போது சரிசெய்துவிட்டேன். மூன்று நாள் வாங்கிவிட்டது. போல்ட் எல்லாம் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, அடித்தாலும் வரவில்லை, சூடுபடுத்தினாலும் வரவில்லை. கடைசியில் அறுத்தெடுத்தேன். என் கட்டை விரல் நகம் ஒன்று போச்சு. சரியான வலது ஆர்ம் வாங்கி மாட்டி, பால் ஜாயிண்ட் இரண்டு பக்கமும் புதுசு போட்டு, மேல் புஷ்ஷும் ஸ்டியரிங் ராடு முனையும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து ஓட்டியும் பார்த்துவிட்டேன். மேட்டில் பள்ளத்தில் எங்கே விட்டாலும் ஒரு முனகல் கிடையாது.

மத்தியானம் சின்னவளைக் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பழைய ஆர்மைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடுவேன். உன்மேல் நாலு நாள் கோபப்படுவாள், ஆனால் தன்மேல் தப்பில்லை என்று தெரிந்துகொள்வாள். மீதியை அவள் வந்து போன பிறகு எழுதுகிறேன்.

அதே நாள் சாயங்காலம்

காலையில் எழுதியதெல்லாம் கோபமே இல்லை என்று இப்போது தெரிகிறது.

அவள் வந்தாள். ஆர்மை மேஜை மேல் வைத்து ஓட்டையைக் காட்டினேன், பட்டியைக் காட்டினேன், பெட்டியையும் காட்டினேன். அவள் வண்டியை இறக்கின பள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எட்டு மாசமாக இது எந்த நிமிஷம் வேண்டுமானாலும் போயிருக்கும் என்றேன். நான் இரண்டு தடவை பார்த்தும் விட்டுவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையைத் தடவியபடி, என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள். "எனக்காக இவ்வளவு ஜோடிக்க வேணாம்க்கா" என்றாள்.

நானே பட்டி பூசி, நானே பெயிண்ட் அடித்து, அவள் மனசு ஆற வேண்டும் என்று நாடகம் போடுகிறேனாம்! உப்புத்தாள் தேய்த்தது நீ, பொய்க்காரிப் பட்டம் எனக்கு. ஏன்டி என்னை நம்ப மாட்டேன் என்கிறாய் என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாள். அடிபட்ட மறுநாளே உனக்குப் போன் செய்தாளாமே. பள்ளத்தில் இறக்கியதைச் சொல்லி அழுதாளாமே. "பள்ளத்துல அப்படி இறக்கினா எந்த வண்டியும்தான் போகும். விடு, இனிமே பாத்து ஓட்டு" என்று நீ ஆறுதல் சொன்னாயாமே. அண்ணனே சொல்லிவிட்டான், அவனுக்குத் தெரியாத வண்டியா என்கிறாள்.

அவளை அனுப்பிவிட்டு நேராக வந்து இந்தப் பேப்பரை எடுத்தேன்.

பட்டி பூசினது அவசரத்தில் செய்தது. போகட்டும், அதை நான் என்றைக்காவது மறப்பேன். ஆனால் வலது பக்கம் மாற்றவில்லை என்று தெரிந்துகொண்டே, உடைந்த கையோடு அழுகிறவளிடம் "பாத்து ஓட்டு" என்று எந்த வாயால் சொன்னாய்? அந்தப் போனில் உனக்கு சிக்னல் நன்றாகவே இருந்திருக்கிறது. ஒரு நிமிஷத்தில் அவள் தலையிலிருந்து இறக்கியிருக்க வேண்டிய பாரத்தை இன்னும் அழுத்தி வைத்துவிட்டு, உனக்கு அன்றைக்கு எப்படிச் சோறு இறங்கியது? நம் குடும்பத்தில் கோழைகள் உண்டு, சோம்பேறிகள் உண்டு, நான் ஒரு வாயாடி. இப்படி ஒரு காரியத்தை யாரும் செய்ததில்லை.

இரண்டு பக்கம் இன்னும் திட்டி எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அதைப் படித்துவிட்டு நீ வருத்தப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவாய். உன் வருத்தத்தால் எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆக வேண்டியது இதுதான். புதன்கிழமை இது கைக்கு வந்ததும், சாயங்காலம் வேலை முடிந்து நீ சின்னவளைக் கூப்பிட வேண்டும். என்னை அல்ல, மாப்பிள்ளையை அல்ல. சுற்றி வளைக்காதே. கடைக்காரன் கதையை முதலில் எடுக்காதே. வலது பக்கம் நான் மாற்றவில்லை, அது எனக்குத் தெரியும், பள்ளம் என்று உன்னிடம் பொய் சொன்னேன், இந்த மூன்றையும் சொல். நான் சொன்னால் அவளுக்கு அது அக்காவின் பாசம். நீ சொன்னால்தான் உண்மை. எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது, பரவாயில்லை.

அவள் உடனே நம்ப மாட்டாள். உன்னைக் காப்பாற்ற அவளே ஏதாவது காரணம் கண்டுபிடிப்பாள், அண்ணனுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை, அவசரம் என்று. அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளாதே. அவள் கோபப்படுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இரு. அவளுக்குக் கோபம் வந்துவிட்டால் எனக்குப் போதும். கோபம் வந்தால் அவள் எழுந்து நிற்பாள், பேப்பர் கடைக்காரர் முன்னாலேயே வண்டியை எடுப்பாள், மாப்பிள்ளையிடம் விற்கக் கூடாது என்று சொல்வாள். கை கூடுகிற வரைக்கும் லாட்ஜுக்கு நான் ஓட்டிக்கொண்டு போகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அதற்குப் பிறகு அவள் உன்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ எனக்குத் தெரியாது. நான் சமாதானத்துக்கு வர மாட்டேன். அதை நீதான் தனியாகத் தாங்க வேண்டும். அவள் ஆசையாக "அண்ணா" என்று கூப்பிடுவதை இழக்க உனக்குப் பயம், அது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் இவ்வளவும் செய்தாய். ஆனால் அவள் இப்போது கூப்பிடுவது உன்னை இல்லையடா. வலது பக்கத்தையும் மாற்றின ஒருவனை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வருகிறார்கள். அதுவரை சாவி என்னிடம்தான் இருக்கும். கேட்டால் காணவில்லை என்பேன், ஒரு நாள் இழுக்கலாம், அதற்கு மேல் முடியாது.

வெயிலில் நின்று வேலை செய்கிறாய், தண்ணீர் குடி. நன்றாக இரு, தம்பி. அவளிடம் சொல்லிவிட்டு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
அக்கா