சிவப்புத் துணி கட்டிய கன்றுகள்

என் தவம் மச்சாளுக்கு,

நீ கண்மூடி ஒரு மாரிகாலம் முடிந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்த உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடாமல் வீதியை மறித்து வைத்திருந்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் இன்று உன்னிடம் சொல்ல வேறொன்று இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. பிள்ளையார் கோவில் நந்தவனத்தில் நீ நட்ட வில்வம் என் தோளுக்கு வந்துவிட்டது. கொன்றை இந்த வருடம்தான் முதல் தடவையாகப் பூத்தது. நாங்கள் அகதி முகாமில் கிடந்த காலத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து அந்த நிலத்தையே மூடிய நாயுண்ணி முட்பற்றையில் முக்கால்வாசியை வேரோடு பிடுங்கிவிட்டோம். கிணற்றடி மூலை மட்டும்தான் மிச்சம். உன்னோடு தபால் கந்தோரில் வேலை செய்த றஹீமா இப்போதும் பற்றை வெட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்துக்குக் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வருகிறாள். எங்கள் எல்லோருக்கும் பேக்கரியில் பணிசும் வாங்கி வருகிறாள்.

முதல் சிரமதானம் நினைவிருக்கிறதா? உன் அண்ணர் பெரிய வீரராகக் கத்தியோடு இறங்கி, நாயுண்ணியோடு சேர்த்து இரண்டு பாலைக் கன்றையும் ஒரு நாவலையும் சரித்துவிட்டார். "பச்சையா இருந்தது, வெட்டினனான்" என்று நியாயம் வேறு. நீ அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் உன் சிவப்புச் சீலையைக் கிழித்து எடுத்து வந்தாய். நிற்கவேண்டிய கன்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கட்டினாய். துணி கட்டியதில் கத்தி படக்கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் சட்டம்.

எல்லாம் கட்டி முடிந்த பிறகுதான் றஹீமா தலையில் கைவைத்தாள். "என்ன வேல செஞ்சிருக்காய் புள்ள? சிவப்புத் துணி கட்டினா மிதிவெடி எண்டுதானே சனம் நினைக்கும்!" அவள் சொன்னதுபோலவே சனம் வீதியின் மறுகரையால் நடக்கத் தொடங்கியது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நல்லதுதானே, ஆட்டுக்காரரும் வரமாட்டினம், விறகுக்காரரும் வரமாட்டினம்" என்றாய். விசாரிக்க வந்த ஆமிக்காரனையும் உன் அரைகுறைச் சிங்களத்தால் சிரிக்கவைத்து அனுப்பினாய். உனக்கு எதற்கும் பயமில்லை. உன்னோடு எனக்கு இருந்த பெரிய கரைச்சலே அதுதான்.

பிறகு எங்கள் ஒழுங்கை வீடுகளின் பிள்ளைகளைப் பிடித்தாய். சிவப்புத் துணி கட்டிய கன்றுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று பழக்கினாய். அதில் என் மகள் சின்னுதான் முந்தி. பின்னேரமானால் பால்மா ரின்னில் தண்ணீரை அள்ளிக்கொண்டு ஓடுவாள். நீ போன பிறகும் அவள் அதை விடவில்லை.

நேற்று ஞாயிறு. கிணற்றடி மூலையைத் தொடங்கலாம் என்று போனோம். அங்கே நாயுண்ணிக் கொப்புகளில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

நாங்கள் நாயுண்ணியில் கட்டுவோமா, தவம்? உன் சீலைத் துண்டுகள் வெயிலில் வெளுத்துப்போய்விட்டன. இது புதுத் துணி. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. "நான் கட்டல்ல, அல்லா அறிய" என்றாள் றஹீமா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் யாரும் கட்டவில்லை. கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. வந்த வழியாலேயே ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நடந்தோம்.

யார் கட்டியது? நாங்கள் வெடியில் கால் வைக்கக்கூடாது என்று இரக்கப்பட்டவரா? அந்தப் பற்றை வெட்டுப்படாமல் இருந்தால்தான் எதையாவது ஒளித்துவைக்கத் தனக்கு வசதி என்று நினைப்பவரா? ஆமியிடம் சொன்னால் ஏன் சொன்னாய் என்று இயக்கக்காரர் வருவார்கள். சொல்லாவிட்டால் ஏன் மறைத்தாய் என்று ஆமி வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "நாங்கள் அந்தப் பக்கம் போகேல்லை, ஒண்டையும் காணேல்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றார் உன் அண்ணர்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். சின்னு சொன்னாள்: "அம்மா, கிணத்தடியில புதுசாக் கட்டிக் கிடக்குதெல்லோ, அதுகளுக்கும் நான் தண்ணி ஊத்திப்போட்டு வந்தனான்."

எப்போது என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமையும், சனிக்கிழமையும். துணி கட்டின எல்லாத்துக்கும் ஊத்தோணும் எண்டு மாமி சொன்னவ" என்றாள். நான் அவளுக்கு அடித்துவிட்டேன், தவம். பிறகு கட்டிப்பிடித்து அழுதேன். எதற்கு அடித்தேன், எதற்கு அழுதேன் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நந்தவனத்துக்குப் போய், நீ கட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் அவிழ்த்தேன். எங்கள் வீட்டில் சாப்பிட நின்ற றஹீமா பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "துணி இல்லாட்டி நல்ல மரமெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிரும் புள்ள. தவம் பாடுபட்டதெல்லாம் வீணா?" அவள் கேட்டது நியாயம். வெள்ளைத் துணி கட்டுவோம், பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்போம் என்று அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இன்று காலை சின்னுவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நந்தவனத்து வாசல் கேற்றில் ஒரு துண்டு கட்டியிருந்தது. அதே புதுச் சிவப்பு.

அவள் என் கையை இழுத்தாள். "அம்மா, கேற்றுக்கும் தண்ணி ஊத்தவேணுமோ?"

நான் அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். துறைமுகப் பக்கக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் கேற்றைப் பார்த்தானா, எங்களைப் பார்த்தானா? திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனிச் சிரமதானம் இல்லை, தவம். வரவேண்டாம் என்று றஹீமாவுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். அடுத்த மழைக்கு நாயுண்ணி திரும்ப முளைக்கும். உன் வில்வத்தையும் மூடும், கொன்றையையும் மூடும். நினைக்க நெஞ்சு வேகிறது. பயமில்லாமல் நீ பழக்கிய பிள்ளைக்கு நான் பயத்தைப் பழக்கலாமா? நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இந்த முறை நான் கேட்கப்போவதில்லை.

நீ சொல்லிக்கொடுத்ததை அவளுக்கு மறக்கடிப்பேன். சிவப்பைக் கண்டால் கையிலிருப்பதை எறிந்துவிட்டு என்னிடம் ஓடிவரப் பழக்குவேன். நீ கோபித்தால் கோபித்துக்கொள். உன் தோட்டத்தை என்னால் காப்பாற்ற ஏலாது. உன் மருமகளை இரண்டு காலோடும் வளர்த்தெடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அண்ணரின் மனைவி,
உன்னோடு சண்டை பிடிக்க இனி வழியில்லாத மச்சாள்,
கமலா