வோல்டேஜ் கம்மி

இந்த வருசத்து வத்தல் வீட்டுக்கு வந்துவிட்டது. களத்தில் காய்ந்த முண்டு மிளகாயைப் பட்டாசாலைக் கூடத்தில் குவித்திருக்கிறேன். நெடி வாசல் வரைக்கும் நிற்கிறது. நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு, ஃபேனை ஐந்தில் வைத்து அதன் கீழே படுத்தேன். கண் சொருகும் நேரத்தில் ஃபேன் வேகம் குறைந்தது. "வோல்டேஜ் கம்மி" என்று சொல்லிவிட்டு, நீ "ஆமாங்க" என்பதற்காகக் காத்துக் கிடந்தேன். நீ இல்லாமல் வீட்டுக்கு வருகிற முதல் வத்தல் இது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நமக்குள் தகராறு என்றால் இந்த ஃபேன்தான். ஐந்தில் ஓடினால்தான் எனக்குக் காற்று. ஐந்தில் ஓடினால் வத்தல் தூசி கிளம்பும், நான் இருமுவேன். இருமிக்கொண்டே "எனக்கு ஒன்னும் செய்யல" என்பேன். நீ எழுந்து குறைப்பாய். நான் எழுந்து கூட்டுவேன். "வீம்பு பிடிச்ச மனுசன். நெஞ்சு பிஞ்சு போற மாதிரி இருமுறீக, இதுல காத்து கேக்குதாக்கும்" என்று வைவாய்.

மதுரையிலிருந்து வந்த நம் மகள்தான், செல்போனிலேயே ஃபேனைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியைச் சுவரில் மாட்டினாள். முதலில் மாட்டிய பெட்டி சரியில்லை. வேகத்தைக் குறைத்தால் ஃபேன் வண்டு மாதிரி இரைந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். நீ விடவில்லை. "சத்தமே வராததா மாட்டுத்தா, எனக்குத் தலை வலிக்குது" என்று அவளை நச்சரித்தாய். டிராக்டர் சத்தத்திலும் தூங்குகிறவளுக்கு எப்போது வந்தது இந்தத் தலைவலி என்று கேலி செய்தேன். அடுத்த தடவை வந்தபோது மகள் கண்டென்சர் வைத்த பெட்டியாகப் பார்த்து மாட்டினாள். கூட்டினாலும் குறைத்தாலும் மூச்சுக் காட்டவில்லை.

அந்தக் கோடையில்தான் நம் சிக்கல் ஊரில் வோல்டேஜ் கெட்டது. தினமும் மத்தியானம் நான் படுத்த கொஞ்ச நேரத்தில் ஃபேன் தளர்ந்துவிடும். கரண்டு ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். காலையில் வந்து பார்த்த லைன்மேன், "நல்லாத்தானே இருக்கு" என்றார். "மத்தியானம் வந்து பாருங்க, தெரியும்" என்று அவரையும் ஏசினேன். டீக்கடையில் சொன்னதும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நீ வெளுத்த வத்தலைப் பொறுக்கிக்கொண்டே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சிக்கல் பூராவும் இப்படித்தானாம்ங்க" என்றாய். நீ போன பிறகும் அந்த வோல்டேஜ் திருந்தவில்லை.

நேற்று மகளும் வீட்டில் இருந்தாள். நான் எழுந்து உட்கார்ந்து கரண்டு ஆபீஸை ஏச ஆரம்பித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள்.

"அய்யா, வோல்டேஜ் நல்லாத்தான் இருக்கு. நீங்க கண்ணசர்ற நேரத்துக்கு ஃபேன் தானா குறையிற மாதிரி அம்மாதான் வைக்கச் சொல்லுச்சு. இரைச்சல் கேட்டா முழிச்சுக்கிட்டு மறுபடி கூட்டிருவீகன்னுதான் மொதப் பெட்டியவே கழட்டச் சொன்னுச்சு. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிருச்சு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் வோல்டேஜ் பேசித் திரிந்தவனைப் பார்த்து நீ எத்தனை தடவை முந்தானைக்குள் சிரித்திருப்பாய். அப்புறம்தான் யோசித்தேன். அந்தக் கோடையிலிருந்து நான் மத்தியானத்தில் இருமவே இல்லை. நெஞ்சு வைரம் பாய்ந்துவிட்டது என்று அதற்கும் நானே பெருமை அடித்துக்கொண்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை. உன்னை ஒருதரம் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். "அத எடுத்துரவாய்யா? இனிமே ஒங்க இஷ்டத்துக்கு ஓடட்டும்."

"கெடக்கட்டும்த்தா," என்றேன். "சிக்கல் பூராவும் இப்படித்தானாம்."

இன்றைக்கும் ஐந்தில் வைத்துத்தான் படுத்தேன். நான் கூட்டி வைத்தால்தானே நீ குறைப்பாய்.