பதினோராம் மாடியிலிருந்து கூப்பிடுகிறேன்

என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம். பார்க்கிங் என்ற இந்த ஊரில் அதே பதினோராம் மாடி வீட்டில்தான் இருக்கிறோம். லிஃப்ட் இப்போதும் நினைத்த நேரத்தில் நின்றுவிடும். ஆனால் உங்கள் மச்சானுக்கு, என் வீட்டுக்காரருக்கு, இந்த மாதம் லிஃப்ட் தேவைப்படவில்லை. காலையில் வேலைக்குப் போகமுன் படியில் ஏறி இறங்குகிறார். முதுகில் உங்கள் பை. அதற்குள், நீங்கள் வைத்தது போலவே, பத்துக் கிலோ அரிசிப் பைகள் இரண்டு.

ஓம் அண்ணை, அவரும் எல்க் வேட்டைக்குப் போகிறார். கொலராடோவிலிருந்து உங்கள் கல்லூரி நண்பர் செல்வம் மறுபடி அழைத்திருக்கிறார். நம் வன்னி மரையைவிடப் பெரிய மானாம். இவரோ துவக்கைத் தொட்டே அறியாதவர். ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "உம்மடை அண்ணர் ஏற நினைச்ச மலை. நான் ஒருக்கா ஏறிப்போட்டு வாறன். எல்க் என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு ஓடட்டும்" என்றார்.

உங்களுக்கு எழுதியதையே செல்வம் இவருக்கும் எழுதியிருந்தார். தண்ணீர் நிறையக் குடி, குடிவகை தொடாதே. படி ஏறினால் கால் உறுதிப்படும். மெலிந்த காற்றுக்குப் பழகுவது இங்கே வந்துதான். மூன்று நாள் அடிவாரத்து ஊரில் தங்கிவிட்டு ஏறு. தலையிடியோ இருமலோ வந்தால் உடனே இறங்கு.

அந்த மூன்று நாளைத்தானே நீங்கள் வெட்டினீர்கள்? புறப்பட்ட காலை, மேசையில் இருந்த உங்கள் பயணத் தாளைப் பார்த்தேன். போய் இறங்கிய மறுநாளே மலை. லீவு போதவில்லை என்று தெரியும். ரெண்டு நாளாவது கீழை தங்குங்கோ என்று சொல்ல வாசலுக்கு வந்தேன். நீங்கள் "போட்டு வாறன்" சொல்லிப் படி இறங்கத் தொடங்கிவிட்டீர்கள். போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்று அம்மா வளர்த்த பிள்ளை நான். வாய்வரை வந்ததை விழுங்கினேன். பிறகு ஃபோனில் சொல்லலாம் என்று நினைத்தேன். செல்வத்தின் ஃபோன்தான் முதலில் வந்தது. நெஞ்சில் நீர் கட்டியதாம். கீழே கொண்டுவர நேரம் இருக்கவில்லையாம்.

இப்போது நடப்பதை யாரிடம் சொல்வது? மச்சான் தன் உயரத்துக்குப் பையின் வாரை இழுத்துக் கட்டுகிறார். விடிந்து பார்த்தால் அது உங்கள் உயரத்துக்கு இளகியிருக்கிறது. "நீரே இதை இளக்கிறீர்?" என்று கேட்டார். நான் தொடவில்லை.

அவர் ஏறும்போது வாசலில் நின்று கேட்பேன். அவருடைய காலடிக்குப் பின்னால் இன்னொன்று வரும். எட்டாம் மாடியில் அவர் மூச்சு வாங்க நிற்பார். மற்றது நிற்காது. எட்டில் நிற்காமல் ஏறுகிறவர் நீங்கள் ஒருவர்தான். ஒன்பதில் ஒரு வறட்டு இருமல் கேட்கும். இந்த வீட்டில் நீங்கள் இருமியதே இல்லை. மலையில் நீங்கள் இருமியதைச் செல்வம் சொல்லித்தான் அறிந்தேன்.

"பின்னாலை ஆரோ வருகினம்" என்று மச்சானே ஒருநாள் சொன்னார். "வழிவிட ஒதுங்கினன். ஒருத்தரும் கடந்து போகேல்லை."

இன்று காலை அவர் கொலராடோவுக்குப் புறப்பட்டார். மேசையில் அவருடைய பயணத் தாள். அண்ணை, அதிலும் அந்த மூன்று நாள் இல்லை. அவர் பத்தாம் மாடியைத் தாண்டிவிட்டார். நான் படியின் உச்சியில் நின்றேன். அம்மாவின் முகம் நினைவில் வந்தது. வந்தும் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, நில்லுங்கோ."

இரண்டு காலடிகள் நின்றன. முதலில் ஒன்று. ஒரு மூச்சு கழித்து மற்றது.

அவர் கோபத்தோடு ஏறி வந்தார். "போகேக்கை ஆரும் பின்னாலை கூப்பிடுவினமே?" என்று கேட்டார். தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கி வாசித்தார். பிறகு செல்வத்துக்கு ஃபோன் எடுத்து, முதல் மூன்று நாளும் கீழேதான், வேட்டை எத்தனை நாள் மிஞ்சுகிறதோ அத்தனை நாள் போதும் என்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கினார். இந்த முறை அவருடைய காலடி மட்டுந்தான் கேட்டது.

அப்படியென்றால் மற்றது இன்னும் அங்கேயே நிற்கிறதா? கூப்பிட்டதும் நின்றவர் நீங்கள்தானா? அன்று கூப்பிட்டிருந்தாலும் நின்றிருப்பீர்களா?

இனி இந்த வாசலைத் தாண்டுகிற எவரையும், சொல்ல வேண்டியது இருந்தால், பின்னால் கூப்பிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இதை எழுதி முடித்ததும் படிக்குப் போய், உங்களிடம் சொல்லாமல் விட்டதையும் சொல்லப்போகிறேன். அண்ணை, நில்லுங்கோ. மேலை போகாதேங்கோ. ரெண்டு நாள் எங்களோடை கீழை தங்குங்கோ.

கதவைப் பூட்டாமல் வைத்திருக்கும்
உங்கள் தங்கச்சி