கேபிளுக்கு எழுபது, போனுக்குச் சாவி

பிரீதா அப்பாவுக்கு,

ஆபீசில் இன்று ஆடிட், முதல் பஸ்ஸுக்கே போகிறேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன், தொட்டுக்கொள்ள அரைத்த சம்மந்தி அம்மியிலேயே இருக்கிறது.

பதினோரு மணிக்குக் கேபிள்காரன் பிஜு வருவான். நூறைக் கொடுத்துவிடாதீர்கள், இனி மாசம் எழுபதுதான். பின்னால் உள்ள நாலு வீட்டுக்கும் நம் பலாமரம் வழியாகத்தானே படம் போகிறது! "நம்ம பிலாவுலயாக்கும் உனக்க கம்பி கெடக்கு, குறைக்கலேன்னா அவுத்துட்டுப் போ" என்றேன். "எழுபது மதி, போதும் அக்கா" என்று இறங்கிவிட்டான். உங்களிடம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வான், இரங்கிவிடாதீர்கள்.

மிச்சம் முப்பது ரூபாய் நாகர்கோவிலில் இருக்கும் நம் பிரீதாவிடம் பேசுவதற்கு. பில்லைப் பார்த்துப் பயந்து போன் டயலில் பூட்டுப் போட்டது நான்தான். அதற்காக என்னிடம் நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, நேற்று நான் குளிக்கப் போனதும் ரிசீவர் வைக்கும் இடத்தைத் தட்டித் தட்டியே நாகர்கோவிலுக்குப் போட்டீர்களே! பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு. கிணற்றடி வரை கேட்டது.

சாவி புளிப்பானைக்குள் இருக்கிறது.

இன்னொன்று. நான் வந்த பிறகு அவளுக்குப் போன் போடுங்கள். நேற்று ஈரத்தலையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் பேச்சு மட்டும்தான் கேட்டது, அவள் குரல் கேட்கவில்லை.