பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர்

சிவகாசி,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மணிகண்டராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அந்த நலத்தில் ஒரு சின்னக் குறை உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் கீர்த்திகாவும் பேத்தி சினேகாவும் எட்மண்டன் குளிர் தொடங்கினாலும் சளி இருமல் அண்டாமல் இருக்கப் பத்திரகாளியம்மன் காக்கட்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறாய், பாதியில் லைன் போய்விடுகிறது, மீதியை நான் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே மாதம் வருகிறோம், சினேகா ஷட்டில் ஆட இடம் கேட்கிறாள் என்று நீ தை மாதம் சொன்னதும் புறவாசலில் செயற்கைப் புல் போட ஆள் பிடித்தேன் அல்லவா. மதுரையிலிருந்து ஊர்க்காவலன் என்பவர் ஆட்களோடு வந்து துவைக்கிற கல்லைப் பெயர்த்தார், கறிவேப்பிலை மரத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. தரையைச் சரிவு வைத்துப் பூசி, பச்சைச் சுருளைப் பாய் மாதிரி விரித்து ஒட்டி, மணலும் கறுப்பு ரப்பர் துகளும் தூவி, கம்பி நட்டு வலை கட்டினார்கள். இடம் சின்னதுதான், பிள்ளைகள் ஆட இது தாராளம் என்றார். அந்த நாட்களில் வீடு முழுக்கப் பேச்சுச் சத்தம். உன் அப்பா போன பிறகு நான் பெரிய பானையில் சோறு வடித்தது அப்போதுதான். வேலை முடிந்த பின்னும் ஒட்டு ஒரு இடத்தில் தூக்கியிருக்கிறது என்று சொல்லி அவர்களை இன்னொரு நாள் வரவழைத்தேன். அவர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்மா இருக்கு" என்றார். காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு சித்திரையில் நீ கூப்பிட்டு, கீர்த்திகாவுக்குப் புது வேலையில் லீவு இல்லை, இந்த வருஷம் முடியாது என்றாய். பரவாயில்லைப்பா என்றேன். போனை வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய் ஹோஸைப் பிடித்து அந்தப் புல் முழுக்கத் தண்ணீர் அடித்தேன். வெயிலில் அது கால் வைக்க முடியாமல் கொதிக்கும், அதனால் தினமும் சாயங்காலம் அடிப்பது வழக்கமாகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா, விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாளே அவள்தான், சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏக்கா, குடிக்கத் தண்ணிக்கு லாரியப் பாத்துக் கிடக்கோம், நீங்க பிளாஸ்டிக் புல்லுக்கு ஊத்துறீகளே" என்றாள். கால் சுடும் பாண்டி என்றேன். "யாரு காலு சுடும்? ஆடத்தான் ஆளு வரலையே" என்றாள். அவள் மனதில் வைத்துச் சொல்லவில்லை. நான்தான் ஹோஸைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வேலைச் சேலையோடு சுற்றி வந்து, கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, எந்திரிங்க, நாம ஆடுவோம்" என்றாள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் பூப்பந்து டீமில் இருந்தேன். கல்யாணமான பிறகு அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மட்டை இரண்டும் மஞ்சள் கம்பளிப் பந்து இரண்டும் வாங்கி வரச் செய்தேன். முதல் நாள் பாண்டிமீனாவால் ஒரு பந்தைக்கூடத் திருப்பி அடிக்க முடியவில்லை. "எம்புட்டு வேகமா அடிக்கீக" என்று மூச்சு வாங்கினாள். அவள் கம்பெனி வேனில் வந்து இறங்கும் நேரத்துக்காக நான் மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன். ஆனால் ஆடி பிறந்ததும் தீபாவளி சீசன் சூடு பிடித்து, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வந்தாலும் கை சோர்ந்துபோய் வருவாள். அதனால் தனியாகவே சுவரில் அடித்து ஆடிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஆடும்போதுதான், காற்று தள்ளிய பந்தை எட்டப் போய்க் கால் பின்னி விழுந்தேன். இடது மணிக்கட்டு மடங்கிவிட்டது, இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. கூப்பிட்டேன். பின்தெரு பிரஸ்ஸில் ஆஃப்செட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. புல்லின் சூடு முதுகில் ஏறியது. உனக்கு அப்போது விடியற்காலை, தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன், போன் அடுப்படியில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. இருட்டுகிற நேரத்தில் பாண்டிமீனா வந்து பார்த்துவிட்டு, அவள் வீட்டுக்காரர் மொக்கைச்சாமியின் லோடு ஆட்டோவில் மெத்தை போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்க என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இம்புட்டு நேரம் தனியாவா கிடந்தீக" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கட்டுப் போட்டிருக்கிறார்கள், தலையில் அடியில்லை. சிமெண்டுத் தரையாக இருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

இதைப் படித்ததும் கோயம்புத்தூரில் வயதானவர்கள் இருக்கும் ஃப்ளாட் என்று நீ அனுப்பிய வீடியோவை மறுபடி அனுப்புவாய், எனக்குத் தெரியும். நான் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. போக மாட்டேன். பின்கதவுச் சாவி ஒன்றைப் பாண்டிமீனாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் வந்த பிறகுதான் இனி மட்டை எடுப்பேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அடுத்த மே மாதம் வருகிறோம் என்று மட்டும் இப்போதே சொல்லாதே ராசா. டிக்கெட் எடுத்த பிறகு சொல், போதும். நடுவில் இருக்கிற மாதங்களை என்னால் சும்மா கடக்க முடியவில்லை.

கீர்த்திகாவை வேலையில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல். சினேகாவுக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வை. மூவரும் நீடு வாழ்க, எடுத்த காரியம் கைகூடுக. ஒன்றை மறக்காதே. போன் செய்தால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்றே கேட்கிறாய், இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேச்சு முடிந்துவிடுகிறது. கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள், இன்றைக்கு யார் ஜெயித்தது என்று கேள்.

உன் அம்மா,
இரா. கற்பகவல்லி